கேள்வி – பதில்: பழைய வீடியோ காட்சிகளை இணையக் காப்பகங்களில் தேடிப் பிடிப்பது எப்படி?

ஆவணப்படம் எடுப்பவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், ஊர் வரலாறு தொகுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: சுதந்திரத்துக்கு முன்பு எடுத்த தஞ்சாவூர், திருச்சி, தூத்துக்குடிக் காட்சிகள் வேண்டும். வெளிநாட்டுக் காப்பகங்களில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் அநேகமாக ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் அவர்களிடம் இல்லை என்றுதானே அர்த்தம்? (ஆவணப்பட மாணவி, திருச்சி)

பதில்: இல்லை. காப்பகத்தின் தேடல் பெட்டி படத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தைப் பற்றி எப்போதோ ஒருவர் எழுதி வைத்த குறிப்பை மட்டுமே பார்க்கிறது. லண்டனில் உட்கார்ந்து அந்தக் குறிப்பை எழுதியவர் 'தஞ்சாவூர்' என்று எழுதியிருக்க மாட்டார், 'டாஞ்சூர்' என்றுதான் எழுதியிருப்பார். ஆகவே டிரிச்சினாபொலி, டூட்டிகோரின், ஊட்டகமண்ட், டின்னெவெலி என்ற அந்தக் கால ஆங்கில எழுத்துக் கூட்டல்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னைக்கு 1996 வரை மெட்ராஸ். இலங்கைக்கு 1972 வரை சிலோன். பிரெஞ்சுக் காப்பகம் என்றால் 'சேலான்' என்று அவர்கள் எழுதும் கூட்டல். புதுச்சேரிக்கு பிரான்சின் ஒலி-ஒளிக் காப்பகமான இனாவில் தேடும்போது பிரெஞ்சு எழுத்துக் கூட்டலையே போடுங்கள். அவர்களுடைய குறிப்புகள் பிரெஞ்சிலேயே இருக்கின்றன.

ஊர்ப் பெயரோடு வேலை முடிவதில்லை. குறிப்பு எழுதியவருக்கு ஊர் பெரும்பாலும் தெரியாது. கேமராக்காரர் அனுப்பிய சீட்டில் இருந்ததைத்தான் எழுதினார். தஞ்சைப் பெரிய கோயில் 'தென்னிந்தியக் கோயில்' என்றோ 'இந்துக் கோயில், இந்தியா' என்றோ மட்டும் இருக்கலாம். எனவே ஊரை விட்டுவிட்டு, சட்டகத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளைத் தேடுங்கள்: கோபுரம், மாட்டு வண்டி, நெல் அடித்தல், தேர். அதிலும் அந்தக் காலச் சொல்லே வேண்டும். இன்று 'வொர்க்கர்' என்று நாம் போடும் இடத்தில் அன்று 'கூலி' என்றிருக்கும். உள்ளூர் மக்கள் எல்லோரும் 'நேட்டிவ்ஸ்'. படிக்கக் கசப்பான சொற்கள்தான். ஆனால் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களின் காட்சிகளைத் தேடுகிறவர் 'தமிழ்' என்று மட்டும் போட்டால் சொற்பமே வரும். 'ரப்பர்', 'எஸ்டேட்', 'இந்தியன் லேபர்' மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். லேபர், ஹார்பர் இரண்டுக்கும் பிரிட்டிஷ் எழுத்துக் கூட்டல் வேறு, அமெரிக்கக் கூட்டல் வேறு. ரயிலுக்கு பிரிட்டனில் 'ரயில்வே', அமெரிக்காவில் 'ரயில்ரோட்'. 1964 டிசம்பர் தனுஷ்கோடி அழிவைத் தேடும்போது 'சைக்ளோன்' போதாது, 'டைடல் வேவ்' என்றும் போடுங்கள். கடல் பொங்கி வந்தால் அன்றைய செய்தியாளர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

குறிப்பு தவறாகவே இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. இந்தியாவில் எடுத்து இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று 1899-ஐச் சேர்ந்தது, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டிடம் இருக்கிறது. தலைப்பு 'பனோரமா ஆஃப் கல்கத்தா'. படத்தில் தெரிவதோ காசியின் படித்துறைகள். காசி என்று தேடியவருக்குத் தலைப்பு உதவாது. 'கேஞ்சஸ்' என்று ஆற்றைத் தேடியவருக்கு அகப்படும். ஊர் கைகொடுக்காவிட்டால் ஆறு, கடல், மலை, மாகாணம் என்று ஒரு படி மேலே ஏறித் தேடுங்கள்.

இன்னொன்று, நல்ல காப்பகங்களில் தலைப்பைவிட ஷாட் பட்டியல்தான் தங்கச் சுரங்கம். ஏபி செய்தி நிறுவனக் காப்பகத்தின் செய்திப் படங்களுக்குக் கீழே காட்சி காட்சியாக ஒரு பட்டியலும், தனியாகச் செய்திக் கதையும் இருக்கும். பழைய நியூஸ்ரீல்களில் (திரையரங்கில் காட்டிய செய்திப் படங்களில்) ஜி.வி. என்றால் பொதுக் காட்சி, எல்.எஸ். தூரக் காட்சி, சி.யு. நெருக்கக் காட்சி. விமானத்திலிருந்து எடுத்தது வேண்டும் என்றால் பொருளோடு 'ஏரியல்' சேர்த்துத் தேடுங்கள். பத்து நிமிடப் படத்தின் நடுவில் ஐந்து விநாடி மட்டும் வரும் காட்சியும் அப்போது சிக்கும்.

கேள்வி: 1961-ல் எலிசபெத் ராணி சென்னைக்கு வந்த காட்சி தேடுகிறேன். வருடம், மாதம் சரியாகப் போட்டும் கிடைக்கவில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை)

பதில்: ராணி சென்னை வந்தது 1961 பிப்ரவரியில். உங்கள் தேதி சரி. ஆனால் நியூஸ்ரீல் காப்பகங்களில் இருக்கும் தேதி பெரும்பாலும் சம்பவம் நடந்த நாள் அல்ல, திரையரங்குக்குப் படம் வெளியான நாள். பிரிட்டிஷ் நியூஸ்ரீல்கள் வாரம் இருமுறை வந்தன. படச்சுருள் விமானத்தில் லண்டன் போய், கழுவி, வெட்டி, வர்ணனை சேர்த்து வெளியாகச் சில நாள் முதல் சில வாரம் ஆகும். விமான அஞ்சல் இல்லாத காலம் என்றால் கப்பல் பயணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே சம்பவத் தேதிக்கு இரண்டு மாதம் பின்வரை அகலமாகத் தேடுங்கள்.

அடுத்து, ஒரு பெரிய சுற்றுப்பயணத்தை ஊர் ஊராகப் பிரித்து வெளியிட மாட்டார்கள். நான்கைந்து ஊர்களை ஒரே ரீலில் அடைத்து 'ராயல் டூர்' என்று பெயர் வைப்பார்கள். 'ராயல் டூர் இந்தியா 1961' என்று தேடி, வருகிற ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து, உள்ளே 'மெட்ராஸ்' இருக்கிறதா என்று பக்கத்துக்குள் தேடும் வசதியில் பாருங்கள். கட்டுப்பாட்டு (Ctrl) விசையுடன் எஃப் அழுத்தினால் அந்த வசதி திறக்கும்.

பிரிட்டிஷ் பாத்தே என்ற நியூஸ்ரீல் காப்பகத்தில் சில பதிவுகளில் 'வெளியிடப்படாத / பயன்படுத்தாத காட்சி. தேதி தெளிவில்லாமல் இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். தேதி வடிகட்டி போட்டால் இவை நழுவும். எங்களைக் கேட்டால் சிறந்த காட்சிகள் அங்கேதான் கிடக்கின்றன. வர்ணனைக் குரல் இல்லாமல், வெட்டாமல், நீளமாக இருக்கும். ஒருமுறையாவது தேதியே போடாமல் தேடுங்கள்.

யூடியூபில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. பாத்தே 2014-ல் தன் 85,000 படங்களை அங்கே ஏற்றியது. ஏபியும் பிரிட்டிஷ் மூவிடோன் என்ற நியூஸ்ரீல் காப்பகமும் 2015-ல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை ஏற்றின. யூடியூபின் தேதி வடிகட்டி பார்ப்பது ஏற்றிய தேதியை. 1961 என்று அதில் போடுவதில் பயனில்லை. அந்த நிறுவனத்தின் சேனல் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் பூதக்கண்ணாடிக் குறியை அழுத்தி, சேனலுக்குள்ளேயே தேடுங்கள். பொதுத் தேடலில் நேற்று ஏற்றிய மறுபதிவுகள்தான் முன்னே வரும்.

கேள்வி: தமிழிலேயே தட்டச்சு செய்து தேடினால் வருமா? (வாசகர், மதுரை)

பதில்: தமிழ் செய்தி சேனல்களின் யூடியூப் பக்கங்களில் வரும். வெளிநாட்டுக் காப்பகங்களில் வராது. ஃபிலிம்ஸ் டிவிஷன் (இந்திய அரசின் ஆவணப்படப் பிரிவு; 1948-ல் தொடங்கியது, இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யுடன் இணைக்கப்பட்டுவிட்டது) படங்களுக்கும் ஆங்கிலத் தலைப்பில் தேடுவதே பலன் தரும்.

கேள்வி: இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. புத்தகம், பாட்டு, யாரோ எடுத்த சொந்த வீடியோ எல்லாம் கலந்து வருகிறது. எப்படிக் குறைப்பது? (யூடியூப் சேனல் நடத்துபவர், கோயம்புத்தூர்)

பதில்: முகப்புப் பெட்டியில் தேடுவதை விட்டுவிட்டு 'அட்வான்ஸ்டு சர்ச்' பக்கத்துக்குப் போங்கள். மீடியா வகையில் 'மூவிஸ்', தலைப்புக் கட்டத்தில் ஒரு சொல், விவரக் கட்டத்தில் ஒரு சொல். இவ்வளவு செய்தாலே முக்கால்வாசிக் குப்பை விலகும்.

அதற்கு மேல் தொகுப்பை வைத்துக் குறைக்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். நிறுவனங்கள் பராமரிக்கும் தொகுப்பும் அங்கேதான் இருக்கிறது, முகம் தெரியாதவர் டிவியிலிருந்து பதிவு செய்ததும் அங்கேதான் இருக்கிறது. ரிக் பிரெலிங்கர் 1980-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் தொடங்கிய பிரெலிங்கர் தொகுப்பு நம்பத்தக்கது: அமெரிக்க விளம்பரப் படம், கல்விப் படம், தொழிற்சாலைப் படம், வீட்டுப் படம். 1950-களின் அமெரிக்கச் சமையலறை, நெடுஞ்சாலை, அலுவலகம் வேண்டும் என்றால் காசு கொடுத்து ஸ்டாக் வீடியோ (விற்பனைக்கென்றே எடுத்து வைத்த காட்சி) வாங்குவதற்கு முன் இங்கே பாருங்கள். தொகுப்புப் பக்கத்துக்குள் நுழைந்து அங்கிருந்து தேடினால் போதும்.

இரண்டு சொற்களையும் கொண்டது வேண்டும், ஒன்றைத் தவிர்க்க வேண்டும் என்றால் 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' இணைப்புச் சொற்களை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் அவற்றையும் தேடுசொல்லாக எடுத்துக்கொள்ளும். 'ஏன் வேலை செய்யவில்லை' என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கே. சேர்ந்தே வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் அடையுங்கள்.

பக்கவாட்டில் இருக்கும் ஆண்டு வடிகட்டியைக் கடைசியில் மட்டும் தொடுங்கள். ஏற்றியவர் ஆண்டை நிரப்பாமல் விட்ட பதிவுகள் அதைப் போட்டதும் மறைந்துவிடும். பிடித்த படம் கிடைத்ததும் 'டவுன்லோட் ஆப்ஷன்ஸ்' பட்டியலில் முதலில் கண்ணில் படும் சிறிய எம்பி4-ஐ எடுக்காதீர்கள். அது இணையத்தில் ஓட்டுவதற்காகச் சுருக்கிய நகல். எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொல்லி, அளவில் பெரியதை எடுங்கள். பிரெலிங்கர் பழைய பதிவுகளில் அது எம்பெக்2-ஆக இருக்கும்.

விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸையும் மறக்க வேண்டாம். அங்கே தேடுசொல்லோடு 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, 'வீடியோ' என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் சேர்த்தால் படங்களெல்லாம் ஒதுங்கி வீடியோ மட்டும் நிற்கும். கோப்பு வெப்எம் வடிவில் வரும். எடிட்டிங் மென்பொருள் ஏற்கவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: 'பழைய சென்னை, 1940' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அதன் மூலம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1940 உண்மைதானா? (வாசகி, வேலூர்)

பதில்: முதலில் மூலம். வீடியோவை நிறுத்தி மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆள் முகம் உதவாது. பெயர்ப் பலகை, கட்டட முகப்பு, சிலை, பாலம் இருக்கும் சட்டகம் வேண்டும். ஏற்றியவர் ஒட்டிய லோகோவையும் எழுத்தையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடல் அந்த லோகோவைத்தான் பிடிக்கும். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போடுங்கள். டின்ஐயில் முடிவுகளைப் பழையது முதல் வரிசைப்படுத்தலாம், முதலில் ஏற்றியவரை நெருங்க அது உதவும். ஒன்றும் வரவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். உரிமைச் சோதனையிலிருந்து தப்பக் காட்சியைத் திருப்பி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆண்டுக்குத் தலைப்பை நம்பாமல் சட்டகத்தை விசாரியுங்கள். சென்னைக்கு நல்ல சாட்சிகள் உண்டு. டிராம் ஓடுகிறதா? 1953 ஏப்ரலில் நின்றுபோனது, எனவே அதற்கு முன். மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் முழுமையாக நிற்கிறதா? 1959-க்குப் பின். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருந்தால் அதுவும் 1959-க்குப் பின். கடற்கரையில் கண்ணகி, பாரதியார் சிலை வரிசை இருந்தால் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்குப் பின். வாகன எண் இன்றைய 'டி.என். 01' முறையில் இருந்தால் 1989 புதிய முறை வந்த பிறகு எடுத்தது. பாம்பன் காட்சி என்றால் இன்னும் எளிது: ரயில் பாலம் மட்டும் தனியாக நின்றால் 1988-க்கு முன், பக்கத்தில் சாலைப் பாலம் இருந்தால் பின், நடுவில் மின்தூக்கி போல நேராக மேலே எழும் புதிய ரயில் பாலம் இயங்கினால் 2025 ஏப்ரலுக்குப் பின்.

வண்ணத்தை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளைக்கு மென்பொருளில் வண்ணம் பூசுவது இப்போது சில நிமிட வேலை. 1930-களிலேயே வண்ணச் சுருளில் வீட்டுப் படம் எடுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

கேள்வி: அமெரிக்க டிவியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் வேண்டும். எந்த சேனல், எந்த நாள் என்று தெரியாது. (இதழியல் மாணவர், தூத்துக்குடி)

பதில்: இன்டர்நெட் ஆர்க்கைவின் டிவி செய்திக் காப்பகம் 2009 முதல் உள்ள அமெரிக்க செய்தி ஒளிபரப்பை, திரையடி எழுத்தை வைத்துத் தேடித் தருகிறது. அந்த எழுத்து நேரலையில் ஆள் கேட்டுக் கேட்டு அடித்தது. நம் ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் வாய்க்கு வந்தபடி அடித்திருப்பார்கள். எனவே பெயரை விட்டுவிட்டு, வாக்கியத்தில் இருக்கும் அபூர்வமான சாதாரணச் சொற்கள் மூன்றை மேற்கோள் குறி இல்லாமல் போடுங்கள். எழுத்து பேச்சுக்குச் சில விநாடி பின்தங்கி வரும், ஆகவே காட்டும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். சிறு துண்டுகளாகத்தான் பார்க்க முடியும்.

யூடியூபில் இருக்கும் நீண்ட பேட்டி என்றால், விவரத்தை விரித்து 'ஷோ டிரான்ஸ்கிரிப்ட்' அழுத்தி அந்த எழுத்துக்குள் தேடுங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: 1960-க்கு முந்தையது எல்லாம் பொதுச் சொத்து, தைரியமாகப் போடலாம் என்கிறார்கள். சரியா? (குறும்பட இயக்குநர், ஈரோடு)

பதில்: பாதி சரி, அதனாலேயே ஆபத்து. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்துக்கு உரிமைக் காலம் அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வெளியானது 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஆனால் படத்துக்குள் இருக்கும் பாட்டின் கணக்கு வேறு: வரிகளுக்கும் இசைக்கும் அவற்றை எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. படம் விடுதலையாகிவிட்டாலும் பாட்டு பூட்டியே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒலியை நீக்கிவிட்டுக் காட்சியை மட்டும் எடுங்கள்.

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணி நிமித்தமாக எடுத்தவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. நாசா காட்சிகளைப் பயன்படுத்தலாம், நாசா சின்னத்தை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 1929 முதல் 1967 வரை வந்த யுனிவர்சல் நியூஸ்ரீல் பொதுச் சொத்து, அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் இருக்கிறது. சில விற்பனைத் தளங்கள் இத்தகைய அரசுக் காட்சிகளையே சுத்தப்படுத்தி விலைக்கு வைக்கின்றன. அது தவறில்லை, தேடிக் கொடுத்த கூலி. பட்ஜெட் இல்லாதவர்கள் விற்பனைத் தளத்தில் பெயரையும் ஆண்டையும் கண்டுபிடித்துக்கொண்டு, தேசியக் காப்பகத்தின் அட்டவணையில் அதே படத்தைத் தேடலாம்.

யூடியூபில் பார்க்கக் கிடைக்கிறது என்பதால் எடுத்துப் போடலாம் என்று ஆகாது. பாத்தே, ஏபி போன்றவை பார்ப்பதற்குத்தான் திறந்து வைத்திருக்கின்றன, பயன்படுத்தக் கட்டணம். கட்டணம் எத்தனை விநாடி, எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை ஆண்டு என்ற நான்கையும் வைத்துக் கணக்கிடப்படும். பெரும்பாலும் குறைந்தபட்ச விநாடி என்று ஒன்று இருக்கும், எட்டு விநாடிக்கும் அந்தக் காசுதான். ஆகவே ஒரே காப்பகத்தில் மொத்தமாக எடுப்பது லாபம். ஸ்டாக் தளங்களில் 'எடிட்டோரியல்' (செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்) என்று குறித்ததை விளம்பரத்தில் போடாதீர்கள். அதில் இருக்கும் ஆட்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

பொதுச் சொத்தைப் போட்டும் யூடியூபில் உரிமை கோரல் வரலாம். அதே காட்சியை வேறொருவர் தன் படத்தில் சேர்த்து, ஒத்த காட்சிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் பட்டியலில் பதிந்திருப்பார். மூலப் பக்கத்தின் முகவரியையும் அதன் உரிமைக் குறிப்பையும் இணைத்து மறுப்பு அனுப்புங்கள்.

கேள்வி: தரவிறக்கிய பழைய காட்சிகளை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. சிலவற்றில் ஆட்கள் ஓட்டமாய் ஓடுகிறார்கள். (எடிட்டர், சேலம்)

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமாவை அமெரிக்க டிவிக்காக 29.97-க்கு மாற்றும்போது சில ஃபிரேம்களை இரட்டித்துக் கலந்துவிடுவார்கள். அதை நம் ஊர் 25 ஃபிரேம் டைம்லைனில் அப்படியே போட்டால் திக்கும், அசைவில் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். முதலில் 'இன்வர்ஸ் டெலிசினி' (இரட்டித்த ஃபிரேம்களை நீக்கும் வசதி) கொடுத்து 23.976-க்குத் திருப்பி எடுத்து, பிறகு டைம்லைனில் போடுங்கள். வெறும் 'டீஇன்டர்லேஸ்' கொடுத்தால் கோடு போகும், திக்கல் போகாது.

ஓட்டமாய் ஓடுவது மௌனப் படம். சுமார் 16 ஃபிரேமில் கையால் சுற்றி எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். வேகத்தை 67 சதவீதமாக்கிப் பாருங்கள், நடை இயல்பாகும்வரை கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். 4:3 படத்தை இழுத்து 16:9-ல் நிரப்பவே வேண்டாம். வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போகும், பெரும்பாலும் போவது தலை. இருபுறமும் கறுப்பு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு நல்ல காட்சியைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்கவே இல்லை. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இணைப்பு மட்டும் போதாது, தளம் மாறினால் இணைப்பு செத்துவிடும். ஒரு எக்செல் தாளில் காப்பகத்தின் பெயர், அவர்கள் கொடுத்த படத்தின் எண், அவர்கள் வைத்த தலைப்பு எழுத்துப் பிசகாமல், நீங்கள் போட்ட தேடுசொல், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உரிமைக் குறிப்பு, பார்த்த தேதி ஆகியவற்றை உடனே எழுதுங்கள். பல காப்பகங்கள் மாதிரிப் படத்தின் மேல் ஓடும் டைம்கோடை, அதாவது மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண்ணை, பதித்தே காட்டும். அது இருந்தால் பிளேயரின் நேரத்தை விட்டுவிட்டு அதையே குறியுங்கள். மூலப் பிரதி கேட்டு மின்னஞ்சல் எழுதும்போது அவர்களுக்குப் புரிவது அந்த எண்ணும் டைம்கோடும் மட்டும்தான். முன்னும் பின்னும் ஐந்து விநாடி கூடுதலாகக் கேளுங்கள், இணைப்பு வெட்டுக்கு இடம் வேண்டும். தேடிக் கிடைக்காத சொற்களையும் அதே தாளில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே சொல்லை மறுபடி போட்டுப் பார்க்கும் நேரம் மிச்சமாகும்.